கரூ சமவெளியின் காய்ந்த ஆறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் நோக்கி N1 நெடுஞ்சாலையில் காரில் போகும் நம் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் திரும்பி வந்ததும் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: அங்கே ஆறு என்று பலகை வைத்திருக்கிறார்களே, தண்ணீர் எங்கே? ஆழ்துளைக் கிணறுகளின் நீர்மட்டம் அளப்பது என் வேலை. அதற்காக, அந்தச் சாலை கடந்துபோகும் வறண்ட கரூ பகுதியில் பல ஆண்டுகளாக அலைகிறேன். பிறந்தது வைகைக் கரையில், மானாமதுரையில். அதனால் இந்த ஆறுகள் எனக்கு அந்நியமாகத் தோன்றியதே இல்லை. கேப் டவுனின் ரைலண்ட்ஸ் கோவில் அன்னதான வரிசையிலும் பிறந்தநாள் வீடுகளிலும் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்களின் வாய்மொழியை ஒட்டியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

அக்கா, பாலம் அவ்வளவு நீளமாக இருக்கிறது, கீழே சொட்டுத் தண்ணீர் இல்லை. இதைப் போய் ஏன் ஆறு என்கிறார்கள்?

பாலம் கட்டிய பொறியாளருக்குப் பதில் தெரியும். தண்ணீர் வரும் நாளில் அந்தப் படுகை எவ்வளவு அகலம் கேட்கும் என்று கணக்குப் போட்டுத்தான் அவர் அத்தனை நீளம் கட்டினார். வருடத்தில் 360 நாள் காய்ந்து கிடந்தாலும், மீதி ஐந்து நாளில் தண்ணீர் போவதற்கென்று நிலம் வெட்டி வைத்திருக்கும் பாதை அது. கரையும் படுகையும் வண்டலும் மணலும் இருக்கின்றன. மணலுக்குள் ஈரமும் இருக்கிறது. ஆறு அங்கேதான் இருக்கிறது.

நம் மொழியில் இதற்குச் சொற்கள் உண்டு. ஆண்டு முழுவதும் ஓடினால் ஜீவநதி. மழைக்காலத்தில் மட்டும் ஓடினால் பருவ ஆறு. எப்போது வரும் என்று சொல்ல முடியாமல், வந்தால் மரத்தோடு அள்ளிக்கொண்டு போவது காட்டாறு. கரூவில் பெரும்பாலானவை பின்னிரண்டு வகை. லீயு-கம்கா ஊரில் கூடும் இரண்டு ஆறுகளின் பெயரைப் பாருங்கள். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் லீயு என்றால் சிங்கம். இந்த மண்ணின் பழங்குடிகளான கொயிகொயி மக்களின் மொழியில் கம்கா என்றாலும் சிங்கம். அங்கே ஒரு காலத்தில் சிங்கங்கள் திரிந்தன. அதனால் வைத்த பெயராகவே இருக்கலாம். ஆனால் வெள்ளத்தின் உறுமலைக் கேட்டவர்களுக்கு அந்தப் பெயர் இன்னொரு வகையிலும் பொருந்தும்.

கரூ என்பது பாலைவனமா? மழையே பெய்யாதா?

பெய்யும், கொஞ்சமாக. தெற்கே ஸ்வார்ட்பெர்க் மலைத்தொடர், வடக்கே நியூவெல்ட் மலைச்சரிவு. இரண்டுக்கும் நடுவே விரிந்து கிடக்கும் சமவெளிதான் பெரிய கரூ. கடல் ஈரத்தைத் தெற்கு மலைகள் தடுத்துவிடுகின்றன. ஆண்டு மழை பெரும்பாலான இடங்களில் 100 முதல் 300 மில்லிமீட்டர் வரைதான். மதுரையில் பெய்வதில் பாதிகூட இல்லை. ஆவியாகக்கூடிய அளவோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும். வானம் ஒரு கை கொடுத்துப் பத்துக் கை எடுத்துக்கொள்கிறது.

சராசரியை மட்டும் நம்பவும் முடியாது. ஓராண்டு முழுவதற்குமான மழை இரண்டு நாளில் கொட்டித் தீர்ப்பதும், அடுத்த மூன்று ஆண்டுகள் தூறலோடு போவதும் இங்கே வழக்கம்.

மழை பெய்த மறு வாரமே போனோம், அப்போதும் மணல்தான். அத்தனை தண்ணீரும் எங்கே போயிற்று?

காலடியில் போயிற்று. மழை வளமான ஊரில் நிலத்தடி நீர்மட்டம் ஆற்றுப் படுகையைவிட உயரமாக இருக்கும். அதனால் மழை நின்ற பிறகும் இரு கரைகளிலிருந்தும் நீர் கசிந்து ஆற்றுக்குள் வந்துகொண்டே இருக்கும். டர்பனில் உம்கேனி ஆறு மழையில்லா மாதங்களிலும் ஓடுவது இதனால்தான். கரூவில் நிலைமை தலைகீழ். நீர்மட்டம் படுகைக்குக் கீழே கிடக்கிறது. இங்கே ஆறுதான் நிலத்துக்கு நீர் கொடுக்கிறது. மலையிலிருந்து கிளம்பிய வெள்ளம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் மணலுக்குள் இறங்கி, மெலிந்து, பல சமயம் கீழூருக்கு வந்து சேராமலே முடிந்துவிடுகிறது.

இறங்கியது வீணாகப் போவதில்லை. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள்ளிருந்து உருகிய பாறைக்குழம்பு கரூவின் படிவுப் பாறைகளைப் பிளந்து ஏறி, சுவர் சுவராக உறைந்தது. டாலரைட் என்ற அந்தக் கருங்கல் சுவர்களை ஒட்டிய வெடிப்புகளில்தான் நிலத்தடி நீர் தங்குகிறது. பண்ணைகளில் சுழலும் காற்றாடிப் பம்புகள் பல, இப்படிப்பட்ட சுவர் ஓரமாக நிற்பதைக் கவனியுங்கள். வெள்ளம் வந்துபோன சில வாரங்களில் என் அளவு நாடாவைக் கிணற்றுக்குள் இறக்கினால், வழக்கத்துக்கு முன்பாகவே ‘க்ளுக்’ என்று தண்ணீரைத் தொடும் ஓசை கேட்கும். அந்த ஓசைக்காக நான் காத்துக்கிடந்த ஆண்டுகள் உண்டு.

ஊரில் வைகை மணலில் ஊற்றுத் தோண்டுவோமே, இங்கேயும் தோண்டினால் வருமா?

வரும், இடம் தெரிந்தால். சிறு வயதில் நாங்கள் கொட்டாங்குச்சியால் மணலை அள்ளி, ஓரம் சரியாமல் கையால் அணைத்து, கலங்கல் தெளியும்வரை காத்திருந்து குடத்தில் மொண்டு வருவோம். அதே பழக்கத்தில் கம்காவின் ஒரு வளைவில், வெளிக்கரை ஓரமாக ஒருமுறை தோண்டினேன். மேலே கை சுடும் மணல். முழங்கை ஆழத்தில் நிறம் மாறி, பிடித்தால் உருண்டையாக நின்றது. தோள் வரை கையை விட்டபோது விரல் நுனியில் குளிர்ச்சி. கால் மணி நேரத்தில் குழியின் அடியில் ஓர் உள்ளங்கை அளவு தண்ணீர் கூடியது.

இந்த மண்ணின் பழங்குடிகளுக்கு இது புதிதில்லை. காய்ந்த படுகையில் தோண்டும் இத்தகைய குழிக்குக் கொரா என்றே தனிச்சொல் வைத்திருந்தார்கள். வடக்கே லிம்போபோ ஆறும் வறண்ட மாதங்களில் பல இடங்களில் வெறும் மணல்வெளிதான். அதன் கரை விவசாயிகள் அந்த மணலுக்குள்ளிருந்தே நீர் இறைத்துப் பயிர் செய்கிறார்கள். நீங்கள் தோண்டிப் பார்ப்பதாக இருந்தால் பண்ணைக்காரரிடம் கேட்டுவிட்டுத் தோண்டுங்கள். சில இடங்களில் ஊறுவது உவர்நீர். ‘சவுட்’ என்று பெயர் தொடங்கும் ஆறுகள் இங்கே நிறைய. அந்தச் சொல்லுக்கு உப்பு என்று பொருள்.

இந்த ஆறுகள் கடைசியில் கடலுக்குப் போகின்றனவா?

சில போகின்றன. கம்கா நியூவெல்ட் மலையில் பிறந்து, போபர்ட் வெஸ்ட் வழியாகத் தெற்கே சமவெளியைக் கடந்து, ஸ்வார்ட்பெர்க் மலையையே அறுத்துக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கி, ஒலிஃபன்ட்ஸ் ஆற்றோடு கூடி, கௌரிட்ஸ் என்ற பெயரில் இந்தியப் பெருங்கடலில் கலக்கிறது. ஒல்லியான மணல் ஆறு மலையை எப்படி அறுத்தது என்று கேட்பீர்கள். எப்போதோ வரும் வெள்ளம்தான் அறுத்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் அதற்குக் கிடைத்தன.

வடக்கே பாயும் சாக் ஆற்றின் கதை வேறு. அதன் தண்ணீர் மிகத் தட்டையான நிலத்தில் பரவி, உப்புப் படர்ந்த பெரும் பள்ளங்களில் நின்று, ஆரஞ்சு ஆற்றை எட்டும் முன்பே பெரும்பாலும் வெயிலுக்குப் போய்விடும். வைகை இராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் அடங்குவதை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. கண்மாய்க்கு இணையான ஏற்பாடும் அங்கே இருக்கிறது. ஆற்றோர வெளியில் தாழ்வான மண்கரைகளை எழுப்பி, வெள்ளத்தைப் பாத்தி பாத்தியாகத் தேக்கி, நிலம் நனைந்ததும் விதைக்கிறார்கள். சாய்டாம் என்று பெயர், ‘விதைப்பு அணை’ என்று பொருள். வெள்ளம் வராத ஆண்டில் விதைப்பும் இல்லை.

தண்ணீர் ஓடுவதைப் பார்க்க எந்த மாதம் வர வேண்டும்?

உறுதியாகச் சொல்ல முடியாது. கிழக்குக் கரூவில் கோடை இடிமழை, பிப்ரவரி, மார்ச்சில் வாய்ப்பு அதிகம். மேற்கே போகப் போகக் குளிர்கால மழை. கலகாரிப் பாலைவனத்தில் ஓடும் நோசோப் போன்ற ஆறுகளுக்கு மாதம் கேட்பதில் பொருளே இல்லை. அவை முழுதாக ஓடுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும்.

வானம் பளிச்சென்று இருக்கிறது. படுகையில் நிழல் பார்த்துக் கூடாரம் போட்டால் என்ன?

தயவுசெய்து போடாதீர்கள். இந்தக் கேள்விக்காகவே இந்தத் தொகுப்பை எழுதத் தொடங்கினேன் என்று சொன்னாலும் தவறில்லை. உங்கள் தலைக்கு மேல் மேகம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. 80 கிலோமீட்டர் தள்ளி மலையில் கொட்டியது, சில மணி நேரம் கழித்து வெயில் காயும் உங்கள் கூடாரத்துக்கு வந்து சேரும்.

வெள்ளத்தின் முகப்பை நான் ஒருமுறை கரையில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் வந்தது தண்ணீரே இல்லை, சருகு. சுள்ளி, ஆட்டுப்புழுக்கை, உலர்ந்த புல், காப்பி நிற நுரை எல்லாம் ஒரு பாயைப் போலச் சுருண்டு, நடக்கும் வேகத்தில், ‘ஸ்ஸ்’ என்று மணலை நனைத்தபடி வந்தது. அழகாகக்கூட இருந்தது. பத்து நிமிடத்தில் முழங்கால் ஆழம். அரை மணியில் ஒரு வேலமரம் வேரோடு உருண்டு போனது. நடக்கும் வேகம்தானே என்று நினைத்து, பொருள்களை எடுக்கப் படுகைக்குள் திரும்புகிறவர்களைத்தான் அந்தப் பத்து நிமிடம் பிடித்துக்கொள்கிறது.

காரில் போகிறவர்களுக்கும் ஒன்று. ‘டிரிஃப்ட்’ என்று பலகை இருந்தால் அது தரைப்பாலம். அதன்மேல் தண்ணீர் ஓடினால் நில்லுங்கள். ஓடும் நீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சிறிய காரைத் தள்ளும், 60 சென்டிமீட்டரில் பெரும்பாலான வண்டிகள் மிதக்கும். கலங்கலுக்கு அடியில் சாலை இருக்கிறதா, அரித்துப் போயிற்றா என்றும் தெரியாது. காத்திருந்தால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

லெயிங்ஸ்பர்க் ஊரே அடித்துப் போனது என்கிறார்கள். இந்த ஓடையிலா?

ஊரை ஒட்டி ஓடும் பஃபல்ஸ் ஆற்றில்தான். கேப் டவுனிலிருந்து சுமார் 260 கிலோமீட்டரில், நீங்கள் பெட்ரோல் போட நிறுத்தும் ஊர் அது. 1981 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை. மேற்குக் காற்றோட்டத்திலிருந்து துண்டித்து நின்ற ஒரு தாழ்வழுத்தம் கரூவின் மேல் நகராமல் பெய்தது. பஃபல்ஸ் ஆறும் அதனோடு சேரும் இரண்டு துணையாறுகளும் ஒரே நேரத்தில் பெருகின. 104 பேர் இறந்தார்கள். 184 வீடுகள் போயின. பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. கீழே ஃப்ளோரிஸ்க்ரால் அணை வரை அடித்துச் செல்லப்பட்டவர்கள் உண்டு.

சின்ன மழைதானே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5 கோடி கன மீட்டர் தண்ணீர். கரூவில் செடி குறைவு, மண் மெல்லியது, கீழே பாறை. முதல் பதிலில் சொன்ன அந்தப் பாதைக்குள் அதில் கணிசமான பங்கு சில மணி நேரத்தில் வந்துசேர்கிறது. தட்டையான வெளியில் கரை தாழ்வு என்பதால் பக்கவாட்டில் பரவி ஊருக்குள் நுழைகிறது. நீண்ட காலம் பெரிய வெள்ளம் வராத இடத்தில் வீடு கட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. காய்ந்த படுகையைப் பார்த்துப் பார்த்து யாருக்கும் பயம் போய்விடும்.

அது ‘நூறாண்டு வெள்ளம்’ என்றால், அடுத்தது 2081இல்தானே? அதுவரை பயமில்லையே?

படித்தவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். நூறாண்டு வெள்ளம் என்றால் எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம் என்று பொருள். போன ஆண்டு வந்ததா என்பது அதற்குத் தெரியாது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் வரலாம். முப்பது ஆண்டு வீட்டுக்கடன் வாங்கி அந்த வெள்ளம் எட்டும் எல்லைக்கோட்டுக்குள் வீடு வாங்கினால், கடன் முடிவதற்குள் குறைந்தது ஒருமுறை அப்படியொரு வெள்ளம் வர நூற்றுக்கு 26 பங்கு வாய்ப்பு. நாலில் ஒன்று.

தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு தேசிய நீர்ச் சட்டப்படி, புதிய குடியிருப்புத் திட்ட வரைபடத்தில் நூறாண்டு வெள்ளக் கோட்டைக் காட்ட வேண்டும். வீட்டுமனை வாங்கும் முன் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதோடு உங்கள் கண்ணையும் நம்புங்கள். கம்பி வேலியில் நெஞ்சு உயரத்தில் காய்ந்த புல்லும் பிளாஸ்டிக்கும் சுற்றிக்கொண்டிருந்தால், தண்ணீர் அங்கே வந்து போயிருக்கிறது. ஒருமுறை அப்படியொரு வேலியில் ஓர் ஆட்டின் கொம்பு சிக்கியிருந்தது. நின்று பார்த்தபோது அது என் தோள் உயரம்.

எங்கிருந்தாவது தண்ணீர் கொண்டுவந்து ஆண்டு முழுக்க ஓடவிட்டால் நல்லதுதானே?

செய்து பார்த்திருக்கிறார்கள். ஆரஞ்சு ஆற்றின் கரீப் அணையிலிருந்து மலையைக் குடைந்து 82.8 கிலோமீட்டர் சுரங்கக் கால்வாய் வெட்டி, 1975 முதல் கிழக்கு முனை மாகாணத்தின் கிரேட் ஃபிஷ் ஆற்றில் விடுகிறார்கள். விட்டுவிட்டு ஓடிய ஆறு ஜீவநதி ஆயிற்று. வயல்கள் விரிந்தன, ஊர்களுக்குக் குடிநீர் கிடைத்தது. அந்தப் பயனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஓயாமல் ஓடும் நீரில் வளரும் கடிக்கும் கருப்பு ஈ ஒன்று பெருகி, ஆடுமாடுகளை வதைக்கத் தொடங்கியது. முன்பு ஆறு காய்ந்த மாதங்கள்தான் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தன.

அணை கட்டலாமே என்பார்கள். ஆவியாதல் கணக்கு மேலே இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு மீட்டர் நீரை வெயில் உறிஞ்சிவிடும். வெள்ளத்தோடு வரும் வண்டல் அணையைத் தூர்க்கும். கிராஃப்-ரெய்னெட் ஊரின் அணை 1920களில் கட்டியது. தூர்ந்து தூர்ந்து கொள்ளளவு குறைந்தது, 2019 வறட்சியில் முற்றிலும் காய்ந்தது. போபர்ட் வெஸ்ட் நகரம் 2011இல் வேறு வழி தேடியது. கழிவுநீரைச் சுத்திகரித்து நேரடியாகக் குடிநீரில் சேர்க்கும் நிலையத்தைத் தொடங்கியது. தென்னாப்பிரிக்காவில் அதுவே முதல். மணலுக்குள் இறங்கி வெயிலுக்குத் தப்பும் நீரைப் பாதுகாப்பதுதான் இங்கே மலிவான வழி என்பது என் கருத்து.

ஆற்றோரம் அடர்ந்து நிற்கிறதே, அது நம் ஊர்ச் சீமைக் கருவேலம்தானா?

பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ப்ரோசோபிஸ் என்ற அதே பேரினம், அமெரிக்கக் கண்டத்து இனங்கள் சில கலந்த கலப்பு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிழலுக்கும் தீவனத்துக்கும் விறகுக்கும் கொண்டுவந்தார்கள். ஆடு காயைத் தின்று புழுக்கையோடு விதையைப் பரப்பியது, மிச்சத்தை வெள்ளம் பரப்பியது. ஆழ வேர்விட்டு, நான் மேலே சொன்ன அந்த நிலத்தடி நீரையே குடிக்கிறது. விதை தின்னும் வண்டுகளை 1987இல் விட்டார்கள், பரவலை நிறுத்த அது போதவில்லை. இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தத் துயரத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த மண்ணுக்கே உரிய கரூ வேலமரத்தையும் அதோடு சேர்த்து வெட்டிவிடாதீர்கள். அதற்கு நீண்ட வெள்ளை முள், மஞ்சள் பஞ்சுருண்டைப் பூ. தூரத்திலிருந்து பார்த்தால் சமவெளியில் ஒரு பச்சைக்கோடு தெரியும். தண்ணீர் இல்லாத நாளிலும் ஆறு எங்கே என்று காட்டுவது அந்த மரவரிசைதான்.

காய்ந்த ஆற்றில் உயிர் ஏது? மணலை அள்ளினால் யாருக்கு நஷ்டம்?

இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டவர் ஓர் ஒப்பந்தக்காரர், அதனால் சேர்த்தே பதில் சொல்கிறேன். கரூவின் பருவ ஆறுகளை ஒட்டிய வண்டல் புதரில் ஆற்றோர முயல் என்ற உயிர் வாழ்கிறது. தென்னாப்பிரிக்காவைத் தவிர உலகில் எங்கும் இல்லை, அழியும் விளிம்பில் நிற்கிறது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு குட்டிதான் போடும். குட்டிக்கு வளை தோண்ட மென்மையான வண்டல் வேண்டும், கெட்டித் தரையில் முடியாது. வெள்ளம் வடிந்த பள்ளங்களில் சேறு காய்ந்து அப்பளம்போலச் சுருண்டு கிடக்கும். அதை மிதித்து நொறுக்கும் முன் நினைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் சிற்றிறால்களின் மிகச் சிறிய முட்டைகள் பல ஆண்டுகள் மழைக்காகக் காத்திருக்கும். நீர் தேங்கிய சில நாளில் பொரித்து, வளர்ந்து, முட்டையிட்டு, குட்டை வற்றுவதற்குள் வாழ்க்கையை முடித்துக்கொள்ளும்.

மணல் போனால் ஊற்று போகும், கிணற்றுக்கு நீர் இறங்குவது குறையும், கரை சரிந்து பாலத்தூண் வெளியே தெரியும். வைகையில் நாம் எல்லோரும் பார்த்ததுதான். சட்டமும் தெளிவு. மேலே சொன்ன 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில், விட்டுவிட்டு நீர் ஓடும் இயற்கைக் கால்வாயும் நீர்வழியே. அதன் படுகையை, கரையை மாற்றுவதற்கு நீர்த்துறையின் அனுமதி வேண்டும். மணல் இங்கே கனிமம், எடுத்து விற்பதற்குக் கனிமச் சட்டப்படித் தனி அனுமதியும் வேண்டும். ‘தண்ணீர் இல்லையே’ என்பது இரண்டு இடத்திலும் எடுபடாது.

ஆடிப்பெருக்குக்கு ஓடுகிற ஆறு வேண்டாமா? காய்ந்த ஆற்றங்கரையில் கும்பிட்டால் குற்றம் வருமா, அம்மா?

கோவிலில் வயதான ஒரு பாட்டி கவலையோடு கேட்டது. பாட்டி, இங்கே ஆடி மாதம் குளிர்காலம். கேப் டவுனை அடுத்த மேற்குப் பகுதியில் அப்போதுதான் மழை, ஓடும் ஆறு வேண்டுமென்றால் ப்ரீட் ஆற்றங்கரைக்குப் போகலாம். கரூ பக்கம் இருக்கிறவர்கள் காய்ந்த படுகையின் கரையிலேயே கும்பிடலாம். சித்திரையில் அழகர் இறங்குவதற்கு வைகையில் அணையைத் திறந்துவிட்டுத்தானே தண்ணீர் வருகிறது. திறக்காத காலத்திலும் அது வைகைதான்.

வீட்டிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோங்கள். மஞ்சள், பூ, சித்திரான்னம் போதும். கண்ணாடி வளையலையும் பிளாஸ்டிக் கருகமணியையும் மணலில் விட வேண்டாம், அடுத்த வெள்ளம் அதை யாருடைய வேலியிலாவது கொண்டுபோய்ச் சேர்க்கும். கும்பிட்டு முடித்துக் குடத்து நீரைப் படுகையில் ஊற்றும்போது ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். ஓடாது, தேங்காது. ‘சுர்’ என்று உள்ளே இறங்கிவிடும்.